‘சொல்லி அனுப்புறோம்!’ – காத்திருக்கும் காலத்தில் மனம் தளராமல் இருக்க

ஆற்காடு சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில் காலை நேர டீக்கடைக் கூட்டத்தைப் பாருங்கள். கதையோடு அலையும் உதவி இயக்குநர், துணை நடிகர், டப்பிங் கலைஞர் என்று சினிமாவை நம்பி வந்தவர்கள் அதில் இருப்பார்கள். விஜயா வாஹினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் மருத்துவமனையும் மாலும் வந்துவிட்டன. ஆனாலும், வாய்ப்புத் தேடி வடபழனிக்கு வருவது நிற்கவில்லை. ஏறி இறங்கும் கம்பெனிகளில் அவர்கள் அதிகம் கேட்கும் பதில்: “நம்பர் குடுத்துட்டுப் போங்க, சொல்லி அனுப்புறோம்.”

இன்டர்வியூ முடித்துவிட்டு வந்தவர், தேர்வு முடிவை எதிர்பார்ப்பவர், குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் தம்பதி என்று பலருக்கும் இதே நிலைதான். முடிவு அடுத்தவர் கையில். அதுவரை நம் கையில் என்ன இருக்கிறது?

காத்திருப்பு உடலை என்ன செய்யும்?

என்ன நடக்கும் என்று தெரியாத நிலையை மூளை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலினும் கார்டிசாலும் சுரக்கின்றன. நெஞ்சு படபடக்கும், வயிறு கலங்கும், தூக்கம் கெடும். 2016-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள், பங்கேற்றவர்களின் கையில் சிறு மின் அதிர்ச்சி கொடுத்துச் சோதித்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் உண்டு என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வரலாம், வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி இருந்தபோதுதான் பதற்றம் அதிகம். ‘முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்வதைவிட ‘சொல்லி அனுப்புறோம்’ ஏன் அதிகம் வதைக்கிறது என்பது இதில் புரியும்.

போதாததற்கு, சாப்பாட்டுக்குப் பதில் டீயும் சிகரெட்டும், நள்ளிரவு வரை செல்போன் என்று நாமே சுமையைக் கூட்டிக்கொள்கிறோம்.

மன வலிமையைக் கற்க முடியும்

அமெரிக்க உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எதைச் செய்தாலும் தப்ப முடியாத அதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பல, பிறகு தப்ப வழியிருந்தும் முயலவில்லை. ‘என்ன செய்தாலும் பயனில்லை’ என்பதை அவை கற்றுக்கொண்டன என்றார்கள்.

ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016-ல், அதே இருவரும் அந்த விளக்கத்தைத் தலைகீழாகத் திருத்தினார்கள். துன்பம் நீளும்போது சோர்ந்து முடங்குவது உடலின் இயல்பான எதிர்வினை. மூளை கற்பது இன்னொன்றை: ‘நான் செய்தால் மாற்றம் வரும்’ என்பதை. அந்த அனுபவம் கிடைக்கும்போது மூளையின் முன்பகுதி, பதற்றத்தைத் தூண்டும் பகுதியை அடக்குகிறது.

இதில் நமக்கு ஒரு சேதி உண்டு. தெம்பு வந்த பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று உட்கார்ந்தால், அது வராமலே போகலாம். செய்து முடிக்கும் சின்ன வேலைதான் தெம்பைக் கொண்டுவருகிறது. அறையைப் பெருக்குவது, துணி துவைப்பது, ஒரு வேளை சமைப்பது எல்லாமே கணக்கில் சேரும்.

நம்பிக்கைக்கு இரண்டு கால்கள்

நம்பிக்கையை ஆராய்ந்த உளவியலாளர் சி.ஆர். ஸ்னைடர், அதற்கு இரண்டு தேவை என்றார்: இலக்கை அடைய வழிகள், அவற்றில் நடக்க முடியும் என்ற உறுதி. ‘எல்லாம் சரியாயிடும்’ என்று மட்டும் சொல்லிக்கொள்வதில் இரண்டுமே இல்லை.

‘இந்த வருஷம் படம் பண்ணிடணும்’ என்பது தயாரிப்பாளர் கையில் இருக்கும் இலக்கு. ‘இன்றைக்கு இரண்டு சீன் எழுதுவேன்’ என்பது உங்கள் கையில் இருப்பது. கூடவே இரண்டாவது வழி ஒன்றையும் வைத்திருங்கள்: குறும்படம், விளம்பரப் படம், டப்பிங். ஒன்று அடைபட்டால் நாள் முழுதும் இருண்டுபோகாது.

அமைதிக்கு ஐந்து நிமிடம்

நிமிர்ந்து உட்காருங்கள். மூக்கால் நான்கு விநாடி மூச்சை இழுத்து, ஆறு விநாடி மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு நிதானப்படும். முருகன் கோயில் பிராகாரத்திலோ மெட்ரோ இருக்கையிலோகூட இதைச் செய்யலாம். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது.

அன்றாடம் கடைப்பிடிக்க

• கையில் காசு குறைவென்றாலும் வேளைக்குச் சாப்பிடுங்கள். அம்மா உணவக இட்லியும் சாப்பாடுதான்.
• வாரம் 150 நிமிடம் வேக நடை. ஐந்து நாள், அரை மணி நேரம் போதும்.
• மாலை நான்கு மணிக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். ஏழு மணி நேரத் தூக்கம் அவசியம்.
• ‘கூப்பிட்டார்களா’ என்று போனைப் பார்க்க, நாளில் இரண்டு மூன்று நேரம் ஒதுக்குங்கள்.
• ஏமாற்றத்தை மதுவில் கரைக்க முயலாதீர்கள். அது தூக்கத்தையும் மனநிலையையும் மேலும் கெடுக்கும்.
• ஊருக்குப் பேசும்போது ‘நல்லா இருக்கேன்’ என்பதோடு நிறுத்தாமல், ஒருவரிடமாவது உள்ளதைச் சொல்லுங்கள்.

மருத்துவரை எப்போது பார்ப்பது?

மேலே சொன்னவை சோர்வுக்குக் கைகொடுக்கும். மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பின்மை, தூக்கமோ பசியோ மாறிப்போவது, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளியாகவே காட்டிக்கொள்ளலாம்.

மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக, தமிழிலேயே, எந்த நேரமும் அழைக்கலாம். தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். சென்னையில் 1986 முதல் இதற்காகவே இயங்கும் ‘சிநேகா’வின் எண் 044-24640050. கம்பெனியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் கையில் இல்லை. இந்த எண்ணை அழைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.