ஆட்டுச் சந்தையில் ஒரு வக்கீல் பாப்பா!

வெள்ளிக்கிழமை விடிகாலை. குந்தாரப்பள்ளி சந்தை. ஒரு பக்கம் ஆடு, ஒரு பக்கம் மாடு, நடுவில் நான். ஆட்டு விலை பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதலாம் என்று போயிருந்தேன். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்கள், தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் திட்டி கன்னடத்தில் சமாதானமாகும் வியாபாரிகள்... விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

டீக்கடை ஓரமாக ஒரு பெண், கையில் நோட்டு, காலில் கேன்வாஸ் ஷூ. எதிரே ஒரு மனிதர், கையில் ஒரு சினையாடு.

“இதை ஏன் விக்கிறீங்கண்ணா?”

“வித்தாத்தான் பாப்பா, என் சம்சாரத்தை விடுவாங்க.”

டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் பெண் சட்டக் கல்லூரி நாலாம் வருஷம். ஒரு தொண்டு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப். பார் கவுன்சிலின் 2008 விதிப்படி, மூன்று வருஷ சட்டப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரம், ஐந்து வருஷப் படிப்புக்கு 20 வாரம் இப்படி வெளியே போய்க் கற்றாக வேண்டும். ஒரே மூச்சில் நாலு வாரத்துக்கு மேல் கூடாது. பெரும்பாலான பிள்ளைகள் ஏ.சி. ஆபீஸ் வைத்திருக்கும் வக்கீலாகப் பார்த்துச் சேர்ந்துவிடுவார்கள். ஃபைல் தூக்கலாம், ஜெராக்ஸ் எடுக்கலாம், சர்டிபிகேட் வாங்கலாம். இவர் மனித உரிமை என்று கிளம்பி, ஆட்டுப் புழுக்கைக்கு நடுவே நிற்கிறார். சம்பளம்? “பஸ் காசு தர்றாங்கண்ணா” என்றார்.

ஆட்டுக்காரர் கதை இதுதான். மாலூர் பக்கம் ஒரு செங்கல் சூளை. புருஷன், பெண்டாட்டி ஒரு ஜோடியாக 40,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிப் போனார்கள். நாலு மாசம் கல் அறுத்தார்கள். ஊருக்குக் கிளம்புகிறோம் என்றதும், “பாக்கி 38,000. நீ போய்க் கொண்டா, அவ இங்கயே இருக்கட்டும்” என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். மனுஷியை அடகு வைத்துக்கொண்டு ஆட்டைக் கேட்கிற வியாபாரம்!

பெண் சொன்னார்: “அண்ணா, 1976லயே சட்டம் வந்தாச்சு. கொத்தடிமைக் கடன்னா அதைத் திருப்பிக் கட்டவே வேணாம். கடன் அன்னிக்கே செத்துப்போச்சு.”

அவர் நிதானமாகக் கேட்டார்: “உனக்குத் தெரியுது பாப்பா. மேஸ்திரிக்குத் தெரியுமா?”

பாப்பாவிடம் பதில் இல்லை. என்னிடமும்.

அவர் மடியிலிருந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்தார். அங்கேதான் என் பி.காம். இருபது வருஷத்தில் முதல் தடவையாக உருப்படியாக உதவியது. அறுத்த கல் 1,12,000. ஆயிரத்துக்கு 350 வீதம் 39,200 ரூபாய். 16 வாரச் செலவுக் காசு, வாரம் 1,500 வீதம் 24,000. மிச்சம் 15,200. அட்வான்ஸில் கழித்தால் பாக்கி 24,800 தானே? நோட்டில் 38,000! எப்படி? ‘உடைசல், மழை’ என்று 13,200 ரூபாய் தனியாகப் பற்று எழுதியிருந்தது. மழை பெய்ததற்கு இவர்கள் கணக்கில் பற்று எழுதுகிற பேரேட்டை எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

“அதை விடுங்கண்ணா, 39,200ஐ 112 நாளால வகுங்க” என்றார் பெண். 350. இரண்டு பேருக்கு. ஆளுக்கு 175 ரூபாய்.

அவர் முகம் மாறியது. “இது போதும்!” ஏஷியாட் வேலையாட்கள் வழக்கில், 1982ல், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினாலே அது கட்டாய உழைப்புதான் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதாம். அதே வருஷம் ஃபரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களுக்காக ஓர் அமைப்பு எழுதிய கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டு, இரண்டு வக்கீல்களை நேரில் போய்ப் பார்த்துவரச் சொன்னார்கள் நீதிபதிகள். 1983 டிசம்பரில் தீர்ப்பு. “அவங்களும் இப்படித்தான் நோட்டும் கையுமா போயிருப்பாங்க” என்றார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. வெயிலால் மட்டும்தானா என்று தெரியவில்லை.

டீக்கடை பெஞ்சிலேயே மனு தயாரானது. அப்புறம்தான் சிக்கல். ஆள் கிருஷ்ணகிரி மாவட்டம், சூளை கர்நாடகம். கர்நாடகத்து மாடும் ஆந்திரத்து ஆடும் கேள்வி கேட்பாரில்லாமல் இந்தச் சந்தைக்கு வந்து போகின்றன. மனுதான் எல்லையில் நின்றுவிடுகிறது. சூளை இருக்கும் மாவட்ட அதிகாரிதான் விசாரித்து விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். நிறுவனத்துக்குப் போன், அங்கிருந்து பெங்களூருக்குப் போன், கன்னடத்தில் இன்னொரு மனு.

தரகர் வந்து ஆட்டின் கயிற்றைப் பிடித்தார். பெண் மறுபுறம் பிடித்துக்கொண்டார். “ஒரே ஒரு வாரம், அண்ணா!” தரகர் சொன்னதை அச்சில் போட முடியாது. ஆடு வீட்டுக்குத் திரும்பியது.

ஒரு வாரம் பத்து நாளானது. அந்தப் பத்து நாளும் பாப்பா சரியாகச் சாப்பிடவில்லையாம். ‘விற்கவிட்டிருந்தால் அந்தம்மா அன்றைக்கே வந்திருப்பாரோ’ என்று எனக்கு இரண்டு தடவை போன் பண்ணி அழுதார். பதினோராம் நாள் அதிகாரிகள் சூளைக்குப் போனார்கள். அந்தம்மாவோடு இன்னும் மூன்று குடும்பங்கள் வெளியே வந்தன.

விடுதலைச் சான்றிதழ் மட்டும் கைக்கு வரவில்லை. அது ரொம்ப முக்கியம். அது இருந்தால்தான் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கு 2 லட்சம் என்கிற மறுவாழ்வுத் தொகை, முதலாளிக்குத் தண்டனை ஆன பிறகுதான். இதற்குள் பாப்பாவின் நாலு வாரம் முடிந்து, லெட்டர்ஹெட்டில், சீல் வைத்து, சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்கள். “எனக்கு மட்டும் டயத்துக்கு வந்துருச்சுண்ணா” என்றார். அடுத்த இன்டர்ன் வந்து ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறாராம்.

போன மாசம் மறுபடி போன். “அண்ணா, அவர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கு. வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய், அந்த ஆடு நிக்குதான்னு மட்டும் பார்த்துச் சொல்றீங்களா?”

போனேன். டீக்கடை பெஞ்சில் சம்சாரத்தோடு உட்கார்ந்திருந்தார். ஆடு இல்லை. எனக்குப் பகீரென்றது.

“வீட்ல இருக்குது சார். ரெண்டு குட்டி போட்டிருக்கு. பேப்பர் இன்னும் வரலை, அடுத்த வாரம்ங்கறாங்க” என்றவர், “அந்தப் பாப்பா பரீட்சை எழுதிருச்சா?” என்று கேட்டார்.