உஷார்! தலைவர் தூரதேசக் கதை சொல்கிறாரா?

நீங்கள் காலடி வைத்திராத ஒரு நாட்டைப் பற்றி, தலைவர் ஒருவர் மைக் பிடித்துக் கண்கலங்கப் பேசுகிறாரா? ஜாக்கிரதை! உடனே நம்பிவிடாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிடவும் வேண்டாம். முதலில் இதைப் படியுங்கள்.

1990 அக்டோபர் 10, வாஷிங்டன். அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்கள் சிலர் முன்னால் 15 வயதுப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். உறவினர்களுக்கு ஆபத்து என்று அவளுடைய முழுப் பெயரைச் சொல்லவில்லை. குவைத்தைப் பிடித்த ஈராக்கின் சிப்பாய்கள், அங்கே ஓர் ஆஸ்பத்திரிக்குள் துப்பாக்கியோடு புகுந்து, இன்குபேட்டரில் இருந்த பச்சைக் குழந்தைகளை எடுத்துச் சில்லென்ற தரையில் போட்டுச் சாகவிட்டார்கள் என்று அழுதாள். கேட்டால் யாருக்குத்தான் வயிறு பதறாது? அதிபர் மூத்த புஷ் மேடைக்கு மேடை இதையே சொன்னார். 1991 ஜனவரியில் ஈராக் மீது போருக்கு அனுமதி கேட்டு அமெரிக்க செனட்டில் ஓட்டெடுப்பு. 52-க்கு 47. வெறும் ஐந்து ஓட்டு வித்தியாசம்!

போரெல்லாம் முடிந்து 1992-இல்தான் குட்டு உடைந்தது. அந்தப் பெண், அமெரிக்காவில் இருந்த குவைத் தூதரின் மகள். பின்னால் இருந்து ஏற்பாடு செய்தது ஒரு மக்கள் தொடர்பு (பி.ஆர்.) கம்பெனி. அவள் பேசிய இடமும் முறையான கமிட்டி இல்லை. சத்தியப் பிரமாணம் கிடையாது. பொய் சொன்னாலும் கேஸ் கிடையாது! குவைத்தில் ஈராக் படை செய்த அட்டூழியங்கள் நிஜம்தான். அதனால்தான் இந்தக் கதையும் சுலபமாக எடுபட்டது.

குழந்தைகளையும் தாய்மார்களையும் இழுத்துப் பேசிவிட்டு, நேரில் பார்த்தது யார் என்பதை மட்டும் மழுப்பினால் உஷார். ஒன்றுக்கொன்று ஆகாத நாடுகளை ஒரே மூட்டையாகக் கட்டினால் ரொம்பவே உஷார். 2002-இல் மகன் புஷ் ஈரான், ஈராக், வடகொரியா மூன்றையும் ‘தீமையின் அச்சு’ என்றார். ஈரானும் ஈராக்கும் எட்டு வருஷம் வெட்டிக்கொண்டு செத்த நாடுகள் ஐயா! அவசரப்படுத்தினாலும் நம்பாதீர்கள். அதே வருஷம் பிரிட்டனில் பிளேர் அரசு, 45 நிமிஷத்தில் ஈராக் அதிபர் சதாமின் பேரழிவு ஆயுதங்கள் தயாராகிவிடும் என்று அறிக்கை விட்டது. 2003-இல் படையெடுத்துப் போய்ச் சல்லடை போட்டுத் தேடினார்கள். சொன்ன ஆயுதக் குவியல் எங்கேயும் இல்லை.

எங்கேயோ நடப்பது, நமக்கென்ன என்கிறீர்களா?

2017 ஜனவரியில் ஈரான் உட்பட 7 நாட்டுக்காரர்கள் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்று அதிபர் டிரம்ப் தடை போட்டார். பிப்ரவரியில், அங்கே கான்சஸ் மாநிலத்தில் ஒரு பாரில் நண்பரோடு உட்கார்ந்திருந்த 32 வயது ஹைதராபாத் இன்ஜினியரை, ‘என் நாட்டை விட்டுப் போ’ என்று கத்தி ஒருவன் சுட்டுக் கொன்றான். ஈரான்காரர்கள் இரண்டு பேரைச் சுட்டுவிட்டேன் என்று பிறகு இன்னோர் இடத்தில் சொன்னான். டிரம்ப் பேச்சுதான் அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எந்த நாடு என்று கண்டுபிடிக்க அவனுக்குத் தெரியவில்லையே!

பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால், அங்கே தலைவர்கள் இப்போது எந்த நாட்டைக் கரித்துக்கொட்டுகிறார்கள் என்றும் செய்தியில் பாருங்கள். இன்றைக்குப் போன் பேசும்போதே அவர்களிடமும் விசாரியுங்கள்.