நகைச்சுவை நாடகமும் நட்பும்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயில் பல்லாவரத்தில் நிற்கிறது. அங்கிருந்து மேற்கே சிறிது தொலைவில் பம்மல் என்னும் ஊர் இருக்கிறது. முன்னாளில் சிற்றூராக இருந்த அது, 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது அதனுள் அடங்கிவிட்டது. அவ்வூரின் பெயரைத் தமிழுலகம் முழுவதும் அறியும்படி செய்தவர் ஒரு நாடக ஆசிரியர்; பம்மல் சம்பந்த முதலியார். 1873-இல் பிறந்து 1964-இல் மறைந்த அவர், வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் பணியாற்றியவர். நாடகம் அவருக்குப் பிழைப்பு அன்று, உயிர்.

மாணவ நண்பர்களே, பொருள் ஈட்டுவதற்காக அன்றி, விருப்பத்துக்காகவே நாடகம் ஆடுவோரை அமெச்சூர் நடிகர் என்று கூறுகிறோம். இத்தகையோர் சிலர் கூடி ஒரு நகைச்சுவை நாடகத்தை மேடையேற்றும்போது, அவர்களிடையே ஒருவகை நட்பு வளர்கிறது. அது எவ்வாறு வளர்கிறது, ஏன் பிற கூட்டங்களில் காண்பதைவிட உறுதியாக நிற்கிறது என்பதைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

இளமையில் சம்பந்த முதலியாருக்குத் தமிழ் நாடகங்களின்மேல் விருப்பமே இருக்கவில்லை. வெறுப்பு என்று கூடச் சொல்லலாம். அக்காலத்தில் நடிகர்களைக் ‘கூத்தாடி’ என்று இழித்துப் பேசுவது வழக்கம். படித்த குடும்பத்துப் பிள்ளை முகத்தில் அரிதாரம் பூசுவதைப் பெற்றோர் அவமானமாகக் கருதினார்கள். 1891-ஆம் ஆண்டு பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு என்பவர் தம் சரச விநோதினி சபையாருடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தினார். அவரும் ஒரு வழக்கறிஞரே. கற்றவர்களும் பதவியில் இருப்பவர்களும் தங்கள் மதிப்புக்குக் குறைவு நேராமல் மேடையில் தோன்றலாம் என்பதை அந்நாடகங்களைக் கண்ட சம்பந்தனார் உணர்ந்தார். அதே ஆண்டு நண்பர்கள் சிலருடன் கூடிச் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. ஏறத்தாழ இன்று கல்லூரியில் முதலாண்டு பயிலும் மாணவனின் வயது!

அந்தச் சபைக்கு வந்தவர்கள் பலதுறைப்பட்டவர்கள். வழக்கறிஞர், அலுவலர், ஆசிரியர் எனப் பலரும் பகலில் தத்தம் வேலையைப் பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்குக் கூடினர். பிற்காலத்தில் விடுதலைப் போரில் புகழ்பெற்ற சத்தியமூர்த்தியும் அங்கே நடித்தவர்களுள் ஒருவர். வெளியே ஒருவர் எத்துணைப் பெரிய பதவியில் இருந்தாலும், ஒத்திகைக் கூடத்தில் அவர் தம் வசனத்தைத் தவறின்றிச் சொல்லியாக வேண்டும். தவறினால் இளையவர் ஒருவர் திருத்துவார். மூத்தவர் அதை ஏற்றுக்கொள்வார். பதவியும் செல்வமும் வகுத்த வேற்றுமைகள் சில மணி நேரமாவது அங்கே வலுவிழந்தன.

அச்சபையில் மலர்ந்த நட்புகளுள் சம்பந்த முதலியாருக்கும் ரங்கவடிவேலுவுக்கும் இடையே நிலவியது தனிச்சிறப்பு வாய்ந்தது. பெண்கள் பெரும்பாலும் மேடையேறாத அக்காலத்தில் ரங்கவடிவேலு பெண் வேடம் பூண்டு கதாநாயகியாக நடித்தார். சம்பந்தனார் கதாநாயகனாக நடித்தார். ஆண்டுக்கணக்கில் இருவரும் எதிரெதிர் நின்று நடித்தார்கள். ஒருவர் கண்ணசைவைக் கொண்டே மற்றவர் அடுத்து என்ன செய்வார் என்று அறியும் அளவுக்கு அவர்கள் ஒன்றிவிட்டார்கள். ரங்கவடிவேலு முந்தி மறைந்தார். ‘நாடக மேடை நினைவுகள்’ என்னும் தம் நூலில் சம்பந்தனார் அந்நண்பரைப் பற்றி எழுதும் இடங்களில், அவருடைய துயரம் மறையாமல் வெளிப்படுகிறது. தம் வெற்றிகளை நினைவுகூரும்போதெல்லாம் அவர் நண்பரையும் உடன் நினைக்கிறார்.

இனி, நகைச்சுவைக்கு வருவோம். நகை என்பது எட்டு மெய்ப்பாடுகளுள் முதலாவதாகத் தொல்காப்பியத்தில் வைக்கப்பட்டுள்ளது. பிறரை எள்ளுவதாலும், இளமையாலும், அறியாமையாலும், மடமையாலும் நகை பிறக்கும் என்பது அந்நூலின் கருத்து. இவற்றுள் மடமை என்பது, சொல்லப்பட்டதைச் சொன்னபடியே பற்றிக்கொண்டு விடாதிருத்தல் என்று சான்றோர் விளக்குவர். சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’ என்னும் நகைச்சுவை நாடகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் செல்வந்தன் ஒருவன்; அவனுக்கு ஒரு வேலைக்காரன். இருவர் பெயரும் சபாபதியே. எசமானன் இடும் கட்டளையின் கருத்தை விட்டுச் சொல்லை மட்டும் பிடித்துக்கொள்கிறான் வேலைக்காரன். அதனால் விளையும் குழப்பங்களைக் கண்டு நாம் சிரிக்கிறோம். 1941-இல் இது திரைப்படமாகவும் வந்தது. டி. ஆர். ராமச்சந்திரன் எசமானனாகவும், காளி என். ரத்தினம் வேலைக்காரனாகவும் நடித்தனர்.

இந்நாடகத்தில் சிரிப்பை உண்டாக்குபவன் யார்? வேலைக்காரன் என்று உடனே சொல்லத் தோன்றும். சிறிது எண்ணிப் பாருங்கள். எசமானன் தன் கட்டளையைத் தெளிவாகவும் மெய்யான எதிர்பார்ப்போடும் சொல்லாவிட்டால், வேலைக்காரனுடைய பிழையில் வேடிக்கை ஏது? தன் மடமையைக் காட்ட வேலைக்காரனுக்கு இடம் அமைத்துத் தருபவன் எசமானன். தனக்குக் கைதட்டல் கிடைக்காது என்று தெரிந்தும், அடுத்தவர் பெறப்போகும் கைதட்டலுக்காக உழைப்பவன் அவன். சோக நாடகத்தில் ஒருவர் தனித்து நின்று நீண்ட வசனம் பேசி அவையைக் கலங்கச் செய்யலாம். நகைச்சுவையோ பெரும்பாலும் இருவர் கூடியே செய்யும் வேலை.

அதிலும் காலம் அறிதல் மிக நுட்பமானது. அவையினர் சிரிக்கத் தொடங்கியதும் நடிகர் பேச்சை நிறுத்த வேண்டும். சிரிப்பு முற்றும் அடங்கும்வரை காத்திருந்தால் நாடகம் தளர்ந்துவிடும். அது உச்சத்தில் இருக்கும்போதே பேசினால் அடுத்த வசனம் எவர் காதிலும் விழாது. சிரிப்பு தணியத் தொடங்கும் அந்தக் கணத்தில் பேச்சை எடுக்க வேண்டும். அக்கணம் ஒவ்வொரு நாளும் மாறும். எழுத்துப் பிரதியில் அதைக் குறித்துவைக்க இயலாது. உடன் நிற்பவரும் தம்மோடு காத்திருப்பார் என்ற நம்பிக்கையே அங்கே துணை. ஒருவர் வசனத்தை மறந்துவிட்டால், எதிரில் நிற்பவர் ஒரு கேள்வியைக் கேட்டு அவரை வழிக்குக் கொண்டுவருவார், அவையினர் அறியமாட்டார்கள். ஆனால் காப்பாற்றப்பட்டவர் அதை வாழ்நாள் முழுதும் மறப்பதில்லை. நாடகக் குழுவின் நட்பு இத்தகைய சிறு உதவிகளால் கட்டப்படுவது.

சென்னையின் தென்புறநகர்களில் இவ்வாழ்க்கை வேரூன்றுவதற்கு ரயிலும் ஒரு காரணம் எனலாம். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நகரத்தில் வேலை, புறநகரில் வீடு என்னும் வாழ்க்கை முறை பரவியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. அலுவலகங்களில் பணிபுரிந்துகொண்டே நாடகம் ஆடிய ஒரு தலைமுறை சென்னையில் உருவாயிற்று. கே. பாலசந்தர் அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்திலும், நாகேஷ் ரயில்வேயிலும் பணியாற்றியவர்கள். பாலசந்தரின் ‘சர்வர் சுந்தரம்’ முதலில் மேடையில் நடிக்கப்பட்டு, 1964-இல் திரைப்படமாயிற்று.

அடுத்த தலைமுறையில் ஒரு புறநகரின் பெயரே நாடகத் தலைப்பில் ஏறியது. திருவான்மியூருக்குத் தெற்கே கடலோரம் உள்ள ஊர் பாலவாக்கம். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்ற மோகன் என்னும் இளைஞர், எஸ். வி. சேகரின் நாடகப்ரியா குழுவுக்காக 1976-இல் ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ என்ற நாடகத்தை எழுதினார். அந்நாடகத்தின் வெற்றியால் ‘கிரேசி’ என்பது அவர் பெயருக்கு முன் நிலையாகச் சேர்ந்துகொண்டது. 1979-இல் அவர் தம் தம்பி மாது பாலாஜியுடனும் நண்பர்களுடனும் சொந்தக் குழு ஒன்றை அமைத்தார். அவருடைய நாடகங்களில் கதாநாயகிக்குப் பெரும்பாலும் ஜானகி என்றே பெயர் இருக்கும். பள்ளிப் பருவத்தில் தம்மை மேடையேற்றி ஊக்கிய ஆசிரியையின் பெயர் அது. அக்குழுவின் நடிகர்கள் பலர் பல்லாண்டுகள் பிரியாமல் ஒன்றாகவே நடித்தார்கள். 2019-இல் கிரேசி மோகன் மறைந்த பின்னரும் அவர் நாடகங்களை அவர்கள் மேடையேற்றினார்கள். எழுதியவர் இல்லாத மேடையில் அவர் எழுதிய நகைச்சுவையைச் சொல்லி, அவையைச் சிரிக்க வைப்பது எளிய செயலா? அவர்கள் அதையே தங்கள் நண்பருக்குச் செலுத்தும் கடனாகக் கொண்டார்கள்.

இந்நட்புக்கு இடையூறுகளும் உண்டு. அவையின் சிரிப்பு மயக்கம் தருவது. ஒருமுறை அதைச் சுவைத்த நடிகர், பிரதியில் இல்லாத சொற்களைச் சேர்த்து மேலும் சிரிப்பைப் பெற முயலலாம். அப்போது எதிரில் நிற்பவர் தம் வசனத்தை எங்கே தொடங்குவது என்று அறியாமல் திகைப்பார். தோழருடைய திக்குவாயையோ உடல் பருமனையோ கேலி செய்து கைதட்டல் பெறுபவரும் உண்டு. எள்ளலால் நகை பிறக்கும் என்பது உண்மையே. ஆயினும் அந்த எள்ளல் பாத்திரத்தின்மேல் நிற்க வேண்டும், நடிப்பவர்மேல் பாயக்கூடாது. பாய்ந்தால், அன்றிரவு அவை சிரிக்கும்; மறுநாள் ஒத்திகைக்கு ஒருவர் வரமாட்டார்.

நட்பு என்பது கூடிச் சிரிப்பதற்காக மட்டும் அன்று, நண்பர் நெறி தவறும்போது முற்பட்டு இடித்துரைப்பதற்காகவும் ஆகும் என்பது வள்ளுவர் கருத்து. கூடிச் சிரிப்பதையே தொழிலாகக் கொண்ட நாடகக் குழுவுக்கு இந்த அறிவுரை மிகவும் வேண்டற்பாலது. “நேற்று நீ எனக்காகக் காத்திருக்கவில்லை” என்று திரைக்குப் பின்னால் தனியே சொல்லும் தோழரும், அதைச் சினமின்றிக் கேட்கும் தோழரும் அமைந்த குழுவே நெடுநாள் நிலைக்கிறது.

மாணவர்களே, உங்கள் கல்லூரியிலோ, நீங்கள் வாழும் பகுதியிலோ ஒரு நகைச்சுவை நாடகம் நடக்குமாயின் அதில் சேருங்கள். பெரிய வேடம் கிடைக்கவில்லையே என்று வருந்தாதீர்கள். கட்டளையிடும் எசமானன் வேடம் கிடைத்தால் அதை மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் சொல்லைக் கேட்டு, உங்கள் தோழர் மறுமொழி கூறி, அவை முழுவதும் சிரிக்கும்போது, அச்சிரிப்பில் உங்களுக்கும் பங்கு உண்டு என்பதை அவையினர் அறியாவிட்டாலும் உங்கள் தோழர் அறிவார்.