கடலில் பிழைத்த பாஷை

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, அறுபதாவது அட்சரேகையை ஒட்டி, காற்றுக்கும் அலைக்கும் இடையே கிடக்கும் ஷெட்லாந்துத் தீவுகள், 1469-ஆம் ஆண்டில், டென்மார்க்கையும் நார்வேயையும் ஒருங்கே ஆண்ட முதலாம் கிறிஸ்டியன் தன் குமாரி மார்கரெட்டின் சீதனத்தில் நின்றுபோன 8,000 ஃப்ளோரின் பாக்கிக்காக ஸ்காட்லாந்து அரசன் மூன்றாம் ஜேம்ஸிடம் அடமானம் வைத்தவை. அந்த அடமானம் மீட்கப்படவேயில்லை. அங்கே வழங்கிய நார்ன் என்னும் பழைய நார்ஸ் பாஷையின் கிளை, ஸ்காட்ஸ் மொழிக்குச் சிறிது சிறிதாக இடம்விட்டு, பதினெட்டாம் நூற்றாண்டில் வீட்டுப் பேச்சிலிருந்து மெல்ல மறைந்தது.

ஆனால் வீடு கைவிட்டதைக் கடல் கைவிடவில்லை. மேல்தட்டில்லாத படகில் ஆறு பேர் துடுப்பு வலித்து, நாற்பது மைல் தூரம்கூடச் சென்று, தூண்டிற்கயிறு விட்டு மீன் பிடித்த அத்தீவினர், கரையில் தாராளமாய்ச் சொல்லும் பெயர்களைக் கடலில் உச்சரிப்பது அபாயத்தை அழைப்பதாகும் என்று அஞ்சினார்கள். நம் கிராமங்களில் இரவு வேளையில் பாம்பைப் 'பூச்சி' என்பதில்லையா, அதே பயந்தான். பாதிரியார் அங்கே 'நிமிர்ந்து நிற்பவர்' ஆனார். மாதா கோயில், பிரார்த்தனை வீடு என்னும் பொருளில் 'பெனிஹூஸ்' ஆயிற்று. பூனையோ, ஓலமிடுவது என்று பொருள்படும் 'வோலர்'. (பூனைமேல் அத்தனை பயம் ஏனோ!) இவ்விலக்குச் சொற்களுள் மிகப் பல நார்ன் வழிவந்தவை, பண்டிதர் பாராட்டாத மூடநம்பிக்கையே இங்கே பாஷைக்குப் பண்டகசாலையாக இருந்தது.

1881 ஜூலையில் ஒரே புயலில் பத்துப் படகுகளும் 58 பேரும் போயினர். அப்பழைய தொழிலும் வெகுகாலம் நீடிக்கவில்லை. அதன் வார்த்தைகளைச் சொல்லத் தெரிந்த கிழவர்கள் எஞ்சியிருந்த அச்சமயத்தில், 1893-இல், ஃபாரோ தீவினரான யாகோப் யாகோப்சன் என்னும் மொழியறிஞர் வந்திறங்கி, குடிசை குடிசையாய் ஏறி, கேட்டுக் கேட்டு எழுதி, நார்ன் மூலமுடைய சொற்கள் ஏறத்தாழப் பதினாயிரம் திரட்டினார். அகராதி முற்றும் அச்சேறுமுன், 1918-இல், அவர் காலமானார்.

இன்றும் அங்கே சிறிய பொருள் 'பீரி'தான்; முற்றும் இருளாத கோடைகால நடுநிசி 'ஸிம்மர் டிம்' தான். கடற்சொற்கள் மட்டும் அகராதிக்குள் ஒடுங்கின. யாகோப்சன் இருபது வருஷம் தாமதித்து வந்திருந்தால் அதுவும் கிடைத்திராது என்பது என் அபிப்பிராயம்.