ஓர் எழுத்து மாறினால்... செல்லுக்குள் ஓடும் புரோகிராம்

இமெயில் முகவரியில் ஓர் எழுத்தைத் தவறாக டைப் செய்துவிட்டால் என்ன ஆகும்? கடிதம் திரும்பி வரும். அல்லது முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேரும். நம் உடல் செல்களிலும் ஓர் எழுத்துப் பிழை பெரிய தொல்லை தருவது உண்டு. அது எப்படி என்று பார்ப்போம்.

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரண்டு குறியீடுகள்தான். செல்லில் உள்ள டி.என்.ஏ.வில் ஏ, டி, ஜி, சி என நான்கு எழுத்துகள் உள்ளன. மனிதனுக்கான ஒரு முழுத் தொகுப்பில் சுமார் 300 கோடி எழுத்துகள். ஓர் எழுத்துக்கு 2 பிட் என்று கணக்கிட்டால் சுமார் 750 எம்.பி. வருகிறது. ஏறக்குறைய ஒரு சிடி அளவுதான்!

காப்பி எடுத்தல்

டி.என்.ஏ.வை ஹார்ட் டிஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புரோகிராமைத் திறந்தால், அது ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ராம் மெமரிக்கு வந்துதான் இயங்குகிறது. செல்லும் அப்படித்தான். தேவையான புரோட்டீனுக்குரிய பகுதியை, அதாவது ஜீனை மட்டும் காப்பி எடுக்கிறது. இந்தக் காப்பிக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். இதில் 'டி' எழுத்துக்குப் பதில் 'யு' இருக்கும். வேலை முடிந்ததும் காப்பி அழிக்கப்படும். ஒரிஜினல் பத்திரமாக இருக்கும்.

படித்தல்

இந்தக் காப்பியை ரிபோசோம் என்ற நுண்ணிய இயந்திரம் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. எட்டு பிட் சேர்ந்து ஒரு பைட் ஆவது போல, மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு கோடான். மொத்தம் 64 கோடான்கள். அவற்றில் 61 கோடான்கள், 20 வகை அமினோ அமிலங்களில் எதைச் சேர்ப்பது என்று சொல்கின்றன. மீதி மூன்றும் 'நிறுத்து' என்ற கட்டளைகள். அமினோ அமிலங்கள் மணி கோத்தது போல் வரிசையாக இணைந்து, மடிந்து புரோட்டீன் ஆகின்றன.

இந்தக் குறியீட்டு அட்டவணை 1966க்குள் முழுமையாகத் தெரிந்துவிட்டது. இதற்காக 1968ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் பிரிக்கப்படாத இந்தியாவில் படித்த ஹர்கோவிந்த் குரானாவும் ஒருவர்.

பிழை வந்தால்?

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதற்கான ஒரு ஜீனில் ஜி-ஏ-ஜி என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜி-டி-ஜி என்று ஓர் எழுத்து மாறினால், குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் சேர்ந்துவிடும். ஆக்சிஜனை இறக்கிய பின் இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து ரத்தக் குழாயை அடைக்கும். கடும் வலி, ரத்தசோகை வரும். இதுதான் சிக்கிள் செல் நோய். நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த ஜீன் இருப்பது 1952ல் தெரியவந்தது.

2023ல் பிரிட்டனும் அமெரிக்காவும் இந்நோய்க்கு ஜீனைத் திருத்தும் ஒரு சிகிச்சையை அனுமதித்தன. அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர்!

பேக்கப் உண்டு

பெரும்பாலான ஜீன்கள் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு காப்பியாக வருகின்றன. ஒன்றில் மட்டும் இந்தப் பிழை இருந்தால் பெரும்பாலும் தொல்லை தெரியாது. ஆனால் கணவன், மனைவி இருவருக்குமே அப்படி இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருந்தால், திருமணத்துக்கு முன்பே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பைலில் பிழை இருக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்போதும் நல்லதுதானே!