பழைய டீசல் வண்டி வாங்கி டோயிங் தொழிலில் இறங்கும் முன்



நம் டிரஸ்டின் வட்டியில்லாக் கடன் நிதிக்குச் சமீப காலமாக வரும் மனுக்களில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. "பழைய மினி லாரி ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கி ரெக்கவரி வண்டியாக ஓட்டலாம் என்றிருக்கிறேன்" என்கிறார்கள் நம் பிள்ளைகள். யோசனை தவறானதல்ல. சி.டி.எச். ரோடு, பூந்தமல்லி வழியாகச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலை, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டை எல்லாம் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. நடுவழியில் நின்றுபோகும் வண்டிகளுக்கு இங்கே குறைவில்லை. ஆனால் இழுக்கப் போகிற வண்டியே நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? அதைப் பற்றித்தான் இந்த இதழில் பேசுகிறோம்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை நம் பகுதிகளை மூழ்கடித்துச் சென்ற சில மாதங்களில், நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் கடன் கேட்டு வந்தார். ஏழு வருட வண்டி, விலை குறைவு. ஆர்.சி. நகலைப் பார்த்தோம், காசோலையில் கையெழுத்துப் போட்டோம். நான்காம் மாதம் இன்ஜெக்டர்கள் போயின, அடுத்து வயரிங் போனது. வண்டி வெள்ளத்தில் நின்ற வண்டி என்று மெக்கானிக் பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. விற்றவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தச் சகோதரர் இன்று வேறொருவர் வண்டியில் டிரைவராக ஓடி, அந்தச் சம்பளத்தில் தவணை கட்டி வருகிறார். நிதியில் இருப்பது உங்கள் பணம், அமானிதம். அதனால் விசாரித்துத் தெரிந்துகொண்டதை எல்லோருக்கும் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

டோயிங் வேலை ஏன் வேறு?

சரக்கு லாரி ஏற்றிய பாரத்தோடு ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓடும். ரெக்கவரி வண்டியின் பாடு அப்படியல்ல. ஓரிடத்தில் காத்து நிற்கும், இன்ஜினை ஓடவிட்டே ஹைட்ராலிக்கை இயக்கும், முழுப் பாரத்தோடு முதல் கியரில் நகரும், நெரிசலில் ஊர்ந்து போகும். இதில் அடி வாங்குவது கிளட்ச் பிளேட், பிரேக், இன்ஜினின் குளிர்விக்கும் அமைப்பு, பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் ஆகியவை. நின்றபடி இன்ஜின் ஓடிய நேரம் கிலோமீட்டர் மீட்டரில் ஏறாது. ஆகவே மீட்டரில் காட்டும் எண்ணை மட்டும் நம்பி, "குறைவாகத்தான் ஓடியிருக்கிறது" என்று மகிழ வேண்டாம்.

எந்த வருட வண்டி?

நாடு முழுவதும் 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 4, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகை விதிகள் வந்தன. பழைய பம்ப் வகை இன்ஜின்களை எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்துச் சேர்ப்பார், உதிரி பாகமும் கிடைக்கும். ஆனால் வயது ஏற ஏறத் தேய்மானமும் எஃப்.சி. செலவும் கூடும். காமன் ரெயில் இன்ஜினில் டீசல் மிக அதிக அழுத்தத்தில் பாய்கிறது. டீசலில் சிறிது தண்ணீரோ தூசியோ கலந்தாலும் இன்ஜெக்டர் கெடும், அதன் செலவு கனமாக இருக்கும்.

பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அதற்கு டி.பி.எஃப். என்று பெயர். வண்டி சீரான வேகத்தில் சற்று நேரம் ஓடிச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். நாள் முழுதும் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையே குறுகிய தூரமே ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரிந்தும் கவனிக்காவிட்டால் இன்ஜின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். விளக்கு எரிந்த உடனேயே வெளிவட்டச் சாலையில் ஒரு சுற்று சீரான வேகத்தில் ஓட்டி வந்தால் பல சமயம் சரியாகிவிடும். அப்படியும் அணையாவிட்டால் தாமதிக்காமல் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு செல்லுங்கள். "அதைக் கழற்றி எறிந்துவிடலாம்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அது சட்டத்துக்கு விரோதம், எஃப்.சி.யிலும் சிக்கலாகும். யூரியா கரைசல் ஊற்ற வேண்டிய வண்டியாக இருந்தால் அதன் செலவையும் கணக்கில் சேருங்கள்.

ஈரத்தை மறைத்து விற்பது

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே இருந்த ஈரத்தை மேலே வைக்காத வியாபாரியைக் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். வெள்ள வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்து விற்பதும் அதே ஈரம்தான். நம்மில் வண்டி விற்பவர்கள் குறையைச் சொல்லி விற்கட்டும். வாங்குபவர்கள் கைவிட்டுப் பார்க்கட்டும்.

எங்கே பார்ப்பது? சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, பாய்க்கு அடியில் சேற்றுக் கோடு, ஹெட்லைட் கண்ணாடிக்குள் ஈரம், ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்த செம்புக் கம்பி, கதவை மூடி உட்கார்ந்தால் பூஞ்சை வாடை. இவற்றில் இரண்டு இருந்தாலே சந்தேகப்படுங்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்திருந்தால் இன்னும் ஆபத்து. காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சிறிதளவு வளைந்த ராடு கொஞ்ச காலம் ஓடிப் பிறகு இன்ஜினையே உடைக்கும். மழைக்காலத்தில் டோயிங் செய்பவர்களும் இதை நினைவில் வைத்து, மூழ்கிய காரை "ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்போம்" என்று சாவி போடாதீர்கள்.

வாங்கும் நாளில்

விடியற்காலையில், சொல்லாமல் போங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று கைவைத்துப் பார்த்த பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை நின்று வந்தால் ஆயில் எரிகிறது. கறும்புகை என்றால் காற்று வடிகட்டியிலோ இன்ஜெக்டரிலோ கோளாறு. சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால் கேஸ்கெட் வரை சந்தேகிக்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் காற்று புஸ்ஸென்று அடிக்கிறதா? அதுதான் மெக்கானிக்குகள் சொல்லும் பேக் கம்ப்ரஷன். இன்ஜின் தேய்ந்திருக்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்து, சேசிஸில் விரிசலோ வெல்டிங் வைத்த இடமோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாமல், ஒரு காரை ஏற்றி மேம்பாலம் ஏறச் சொல்லுங்கள். கிளட்ச் வழுக்குவதும் இன்ஜின் சூடேறுவதும் அப்போதுதான் தெரியும்.

பாரத்தின் கணக்கு

ஆர்.சி.யில் மொத்த எடை, வெற்று எடை என இரண்டு எண்கள் இருக்கும். மொத்தம் 5,000 கிலோ, வெற்று எடை 3,300 கிலோ என்றால் ஏற்றக்கூடியது 1,700 கிலோதான். ரெக்கவரி பாடியும் வின்ச்சும் பொருத்திய பிறகு வெற்று எடை கூடும், ஏற்றும் அளவு குறையும். சிறிய கார் ஒரு டன்னுக்குள் அடங்கும், பெரிய எஸ்.யூ.வி. இரண்டு டன்னைத் தாண்டலாம். எடை மீறினால் 2019 சட்டத் திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. பல நாள் கூலி ஒரே நாளில் போய்விடும்.

காகிதங்கள்

எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி, புகைச் சான்று, நிலுவை அபராதங்கள் அனைத்தையும் வண்டி எண்ணைப் போட்டுப் பரிவாஹன் தளத்தில் சரிபாருங்கள். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்கு மேல் ஆண்டுதோறும். வண்டி மேல் ஃபைனான்ஸ் இருந்தால் ஹெச்.பி. ரத்தான பிறகே முழுப் பணம் கொடுங்கள். சரக்கு வண்டியை ரெக்கவரி வண்டியாக மாற்றினால் ஆர்.டி.ஓ. ஒப்புதலோடு அதை ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதியாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பது சந்தேகமே. பெயர் மாற்றத்தையும் தள்ளிப் போடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் இது முக்கியம்.

பராமரிப்பு

இன்ஜின் ஆயிலைக் கிலோமீட்டர் கணக்கோடு நில்லாமல், ஓடிய மணிநேரத்தையும் எழுதி வைத்து மாற்றுங்கள். வாரம் ஒருமுறை டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை இறக்குங்கள். தூசி அதிகமான சாலைகளில் ஓடுவதால் காற்று வடிகட்டியை அடிக்கடி பாருங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாமல் கூலண்ட் ஊற்றுங்கள். பாரம் இழுத்து வந்தவுடன் இன்ஜினை நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் ஓடவிட்டால் டர்போ நீண்ட நாள் உழைக்கும். வின்ச்சின் ஒயர் ரோப்பில் இழைகள் அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால் உடனே மாற்றுங்கள். அது அறுந்து அடித்தால் போவது உயிர்.

எங்கள் முடிவு

இனி டோயிங் வண்டிக்குக் கடன் கேட்டு வருபவர்களிடம் மூன்றைக் கேட்போம். ஒன்று, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் பார்த்து எழுதிக் கொடுத்த தாள். இரண்டு, நடப்பில் உள்ள எஃப்.சி., இன்சூரன்ஸ் நகல். மூன்று, வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கு கையிருப்பு. ஐந்து லட்சத்துக்கு வண்டி பார்த்தால் ஒரு லட்சம் தனியாக இருக்க வேண்டும். அவ்வளவு இல்லை என்றால் நான்கு லட்சத்து வண்டி பாருங்கள். முதல் ஆறு மாதத்தில் வரும் ரிப்பேர்தான் குடும்பத்தைக் கவிழ்க்கிறது. பிறகு ஒவ்வொரு பத்து டோயிங்கிலும் ஒன்றின் கூலியை வண்டிக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

வீட்டில் உள்ள தாய்மார்களும் மனைவிமார்களும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். நகையைக் கழற்றிக் கொடுக்கும் முன் "மெக்கானிக் தாள் எங்கே?" என்று கேளுங்கள். கேட்பது அவநம்பிக்கை ஆகாது.

ஹலாலான உழைப்பில் இறங்கும் நம் பிள்ளைகளின் வண்டியிலும் வாழ்விலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.