மெல்லிய மாலைக் காற்றில் பாய்ப்படகுகள்

பெங்களூரு நகரின் கீழ்ப்பகுதியில் உள்ள ஹலசூர் ஏரி ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்புடையது. சிறு தீவுகள் சில அதன் நடுவே உள்ளன. 1780-ஆம் ஆண்டில் தோன்றிய ‘மதராஸ் சாப்பர்கள்’ எனும் பொறியாளர் படைப்பிரிவின் தலைமைத் தலம் இதன் அருகிலேயே இருப்பதால், படைவீரர் பலர் பாய்ப்படகு ஓட்டும் கலையை இந்நீரில் பயின்றுள்ளனர். கடலிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓர் ஏரியில் பாய்ப்படகு ஓட்டுவது எளிதன்று. அதிலும், வேலை முடிந்த மாலைப் பொழுதில் பொழுதுபோக்காகப் பந்தயம் நடத்துவோருக்குக் காற்றே பெரும் புதிராக அமைகிறது.

சென்னைத் துறைமுகத்தில் ஓட்டுவோர் பிற்பகலில் எழும் கடற்காற்றை நம்பலாம். பெங்களூரில் அந்த வசதி இல்லை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வலுவுடன் வீசுகிறது. அக்டோபரில் பருவம் மாறும்போதும், மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் காற்று பெரும்பாலும் மெல்லியதாகவே இருக்கும். அதுவும் கதிரவன் சாயும் வேளையில் மேலும் தளர்ந்துவிடுகிறது.

இதற்குக் காரணம் யாது? பகலில் வெப்பமுற்ற தரை, தன்மேலுள்ள காற்றைச் சூடாக்கி மேலெழச் செய்கிறது. அதற்கு ஈடாக, உயரத்தில் விரைந்து செல்லும் காற்று கீழிறங்குகிறது. நண்பகலில் இக்கலப்பு ஒரு கிலோமீட்டருக்கு மேலும் எட்டக்கூடும். தரையில் உணரப்படும் காற்றின் வேகத்தில் பெரும்பங்கு இவ்வாறு மேலிருந்து வந்ததே ஆகும். மாலையில் தரை குளிரத் தொடங்கியதும் கலப்பு நின்றுபோகிறது. மேலே காற்று வழக்கம்போல் வீசிக்கொண்டிருக்க, கீழே இலையும் அசைவதில்லை. ஏரிநீர் தரையைப்போல் விரைவில் குளிர்வதில்லை. எனவே கரையில் காற்று அடங்கிய பின்னும் நீர்ப்பரப்பின் நடுவே சிறிது நேரம் அது உயிருடன் இருப்பதுண்டு.

எஞ்சிய காற்றின் வலிமையைக் கணக்கிட்டால் வியப்பே தோன்றும். ஜாக் ஹோல்ட் என்பவர் 1956-இல் வடிவமைத்த ‘எண்டர்பிரைஸ்’ என்னும் இருவர் படகு நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கி வருகிறது; 1982 ஆசிய விளையாட்டுகளில் பரோக் தாராபூரும் சரீர் கரஞ்சியாவும் இவ்வகைப் படகிலேயே தங்கப் பதக்கம் வென்றனர். இதன் பாய்களின் பரப்பு ஏறத்தாழ 10½ சதுர மீட்டர். விநாடிக்கு 6 மீட்டர் வேகமுள்ள காற்று அதன்மேல் சுமார் 20 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையைச் செலுத்தும். வேகம் விநாடிக்கு 2 மீட்டராகக் குறைந்தால் விசை மூன்றில் ஒன்றாகக் குறைவதில்லை, ஒன்பதில் ஒன்றாகிவிடுகிறது. காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே காரணம். ஏறக்குறைய இரண்டு கிலோகிராம் எடைதான் இரண்டு மனிதரையும் படகையும் இழுக்க வேண்டும்! போதாக்குறைக்கு, உயரத்தினால் பெங்களூரின் காற்று சென்னைக் காற்றைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்ததாயும் இருக்கிறது.

இத்தகைய நிலையில் தசைவலிமை பயன்படாது. மெதுவாகச் செல்லும் படகை முக்கியமாகத் தடுப்பது நீரின் உராய்வே. ஆகவே ஓட்டுபவர்கள் முன்புறமாக நகர்ந்து அமர்ந்து, அகன்ற பின்பகுதியை நீரிலிருந்து சற்றே உயர்த்துவர். படகைக் காற்று செல்லும் பக்கம் சிறிது சாய்த்தும் வைப்பர். நனையும் பரப்பு குறைவதுடன், பாய் தன் எடையாலேயே தொங்கித் தனக்குரிய வளைவைப் பெறுகிறது. சுக்கானை வெடுக்கெனத் திருப்பினால் அது தடையாக மாறிவிடும். படகினுள் ஒருவர் சட்டென எழுந்து உட்கார்ந்தாலே பாயில் நிலைபெற்ற காற்றோட்டம் சிதறும். அதனை மீண்டும் பெற நெடுநேரம் பிடிக்கும். நீரருகே காற்று மிகத் தளர்ந்தும் பாய்மரத்தின் உச்சியில் சற்று விரைந்தும் இருப்பதால், பாயின் மேற்பகுதி சிறிது வெளிப்புறம் திரும்புமாறு கயிற்றைத் தளர்த்திவிடுவதும் உண்டு.

பாயை ஓயாது இழுத்து இழுத்து விசிறவும் படகை ஆட்டவும் மனம் தூண்டும். பன்னாட்டுப் பந்தய விதிகளில் 42-ஆவது விதி இதனைத் தடுக்கிறது. நட்புப் பந்தயங்களில் இவ்விதியை எவ்வளவு கண்டிப்புடன் நடத்துவது என்பது மாலைதோறும் எழும் வழக்கு எனலாம்.

காற்று எங்கே இருக்கிறது என்பதை நீரே காட்டுகிறது. நீர்ப்பரப்பில் எந்த அலையும் விநாடிக்குச் சுமார் 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த வேகத்தில் செல்ல இயலாது. அந்த மிகமெதுவான அலையின் நீளம் 1.7 சென்டிமீட்டர். எனவே காற்று ஓரளவு வேகம் பெற்ற பின்னரே சிற்றலைகள் எழுகின்றன. அவை எழுந்த இடம் கருமையாகத் தெரியும். திறமையுள்ளோர் அக்கருந்திட்டை நோக்கியே படகைச் செலுத்துவர்.

இங்கேதான் ஏரியின் நலம் குறுக்கிடுகிறது. கழிவுநீரால் உண்டாகும் எண்ணெய்ப் படலமும் பாசிப் படலமும் சிற்றலைகளை அடக்கிவிடுவதால், காற்றுள்ள இடமும் காற்றற்றதாகத் தோற்றமளித்து ஏமாற்றும். ஆகாயத்தாமரையின் ஒரு கொடி சுக்கானில் சிக்கினால், இரண்டு கிலோகிராம் விசையுடைய படகு நின்றேவிடும். 2016-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஹலசூர் ஏரியில் பெருந்தொகையான மீன்கள் மாண்டு மிதந்தபோது இச்சீர்கேட்டின் அளவு யாவருக்கும் தெரிந்தது.

கரையிலுள்ள கட்டடங்களும் காற்றைக் களவாடுகின்றன. ஒரு தடையின் பின்னே அதன் உயரத்தைப் போல் பத்து மடங்குத் தொலைவு வரையிலும், சில வேளைகளில் அதற்கு அப்பாலும், காற்று தளர்ந்து சுழலும். இருபது மீட்டர் உயரமுள்ள ஆறேழு மாடிக் கட்டடம் மேற்குக் கரையில் எழுந்தால், பருவக்காற்றுக் காலத்திலேயே 200 மீட்டர் நீர்ப்பரப்பு அதன் காற்று நிழலில் விழுந்துவிடும். இதனாலேயே மெல்லிய காற்றுள்ள மாலைகளில் பந்தய மிதவைகளைக் கரைகளினின்று இயன்றவரை விலக்கி நடு ஏரியில் இடுவது நன்று. அப்படியும் காற்று நின்றுவிட்டால், நடத்துவோர் சுற்றுகளைக் குறைத்து அருகிலுள்ள மிதவையிலேயே பந்தயத்தை முடித்துவிடுகின்றனர். எஞ்சிய தொலைவுக்குத் துடுப்பு இருக்கிறது.